பொண்ண அரசு மக்கள் தொடர்பு வேலைக்கு அனுப்பலாமா? ஒரு அம்மாவுக்கு பதில்

வணக்கம்மா, நீங்க எழுதினத முழுசா படிச்சேன். பொண்ணு எம்.ஏ. ஜர்னலிசம் கடைசி வருஷம், சேனல் வேலை வேணாம் கவர்மென்ட் மக்கள் தொடர்புக்குதான் போவேன்னு பிடிவாதமா இருக்கா, பிஆர்ஓன்னா, அதாவது மக்கள் தொடர்பு அதிகாரின்னா, கலெக்டர் பின்னாடி போட்டோகிராபரோட ஓடுறதுதானே இதுல என்ன முன்னேற்றம் இருக்குன்னு உங்களுக்கு கவலை, இதுக்கு நடுவுல ஒரு இன்ஸ்டிட்யூட் பிஆர் சர்டிபிகேட்டுக்கு பெரிய தொகை கேக்குறாங்க. முதல்ல பண விஷயத்த சொல்லிடறேன், இப்போ அத கட்டாதீங்க.

இந்த லைன்ல உருப்படியான ட்ரெய்னிங் பெரும்பாலும் வேலைக்கு போனப்புறம் சம்பளத்தோட கிடைக்கறதுதான். யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் எழுதி இந்தியன் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், அதாவது மத்திய அரசோட தகவல் தொடர்பு பணி, கிடைச்சா டெல்லில ஐஐஎம்சிங்கற இதழியல் கல்வி நிறுவனத்துல பயிற்சி குடுப்பாங்க, 1965ல ஆரம்பிச்ச இடம் அது, அங்கேருந்து மத்திய அரசோட செய்திக்குறிப்பு வெளியிடற பிஐபி, ஆகாஷ்வாணி, தூர்தர்ஷன் நியூஸ்னு போஸ்டிங் மாறிட்டே இருக்கும். பவர்கிரிட் மாதிரி பொதுத்துறை கம்பெனிகள் யுஜிசி நெட்ங்கற தேசிய தகுதித் தேர்வு மார்க்க வச்சு பிஆர் ட்ரெய்னி எடுத்திருக்காங்க, அதனால அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு கட்ட நினைச்ச பணத்துல கொஞ்சத்த நெட் புக்ஸுக்கு செலவு பண்ணாலே போதும். சர்வீஸ்ல இருக்கறவங்க படிக்க ஐகாட் கர்மயோகின்னு ஆன்லைன் தளமும் இருக்கு, 2020ல மிஷன் கர்மயோகி திட்டம் வந்தப்புறம் எந்த துறை ஆளா இருந்தாலும் வருஷா வருஷம் ஏதாவது படிச்சிட்டே இருக்கணும்ங்கற எண்ணம் வந்திருக்கு.

இப்போ போட்டோகிராபரோட ஓடுற வேலைன்னு சொன்னீங்களே அதுக்கு வரேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கா, முதலைப் பண்ணைலருந்து முதலையெல்லாம் தப்பிச்சு வெள்ளத்துல வருதுன்னு வாட்ஸ்அப்ல பரவி, அப்படி எதுவும் இல்லன்னு பண்ணைக்காரங்களே மறுக்க வேண்டியதா போச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல, ஜனம் மொட்டை மாடில நிக்குது, அந்த நேரத்துல எது உண்மை எந்த பக்கம் போகணும் எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆள்தான் கம்யூனிகேஷன் அதிகாரி. அவங்க சொல்றது அரை நாள் லேட்டானா அந்த இடத்த வதந்தி பிடிச்சுக்கும். உயிர் சம்பந்தப்பட்ட வேலைம்மா இது, சின்னதா நினைக்காதீங்க.

இதுக்குன்னே அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி, நெருக்கடி நேரத்துல எப்படி பேசணும்னு செர்க்னு ஒரு பயிற்சி வச்சிருக்காங்க, அதோட மேனுவல் இணையத்துல இலவசம். முதல்ல சொல்லு, சரியா சொல்லு, நம்பற மாதிரி சொல்லு, கஷ்டத்துல இருக்கறவங்க வலிய புரிஞ்சுகிட்டு பேசு, அவங்க செய்யறதுக்கு ஏதாவது ஒண்ண சொல்லு, மரியாதையா பேசு, மொத்தம் இந்த ஆறுதான். படிக்க சுலபமா இருக்கும், ஆனா பத்து மைக் முன்னாடி நிக்கும்போது இதுல மூணு மறந்துடும், அதனால எந்த ட்ரெய்னிங்ல சேந்தாலும் மாதிரி பிரஸ் மீட் வச்சு கேமரா முன்னாடி நிக்க வச்சு குறுக்கு கேள்வி கேட்டு அப்புறம் அத போட்டு காட்டி தப்பு சொல்றாங்களான்னு பாக்கணும். ரெண்டு நாள் பவர்பாயிண்ட் ஓட்டிட்டு சர்டிபிகேட் குடுத்து க்ரூப் போட்டோ எடுத்து அனுப்பறதெல்லாம் என் கணக்குல ட்ரெய்னிங்கே கிடையாது.

மேனேஜர் லெவலுக்கு போகும்போது தேவைப்படறது வேற. பிரிட்டன் அரசு கம்யூனிகேஷன் சர்வீஸ்ல ஒவ்வொரு பிரச்சாரத்துக்கும் நோக்கம் என்ன, யாருக்கு சொல்றோம், எப்படி சொல்றோம், எப்படி செயல்படுத்தறோம், கடைசில பலன் என்னன்னு அஞ்சு படியா எழுதி வைக்கணும், ஓயாசிஸ்னு சொல்வாங்க, அந்த கைடும் இலவசம்தான். நம்ம ஆபீஸ்கள்ல கடைசி படிய பெரும்பாலும் விட்டுடறாங்க, பத்து லட்சம் நோட்டீஸ் அடிச்சோம்ங்கறதோட ஃபைல் மூடிடும், அத படிச்சு எத்தன பேர் தடுப்பூசி போட வந்தாங்கன்னு யாரும் பாக்கறதில்ல. இத கேக்க தெரிஞ்ச பொண்ணு எந்த ஆபீஸ்லயும் சீக்கிரம் மேல வருவா.

கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், புயல் நேரத்துல லீவ் கிடையாது, மேலிடம் ஒண்ணு சொல்லும் ரிப்போர்ட்டர் வேற கேப்பாங்க, நடுவுல பொய் சொல்லாம நிக்கறதுக்கு தைரியம் வேணும். இத பொண்ணுகிட்ட முன்னாடியே பேசிடுங்க.

இந்த வருஷம் அவ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தகவல் அறியும் உரிமை சட்டம் 2005ல நாலாவது பிரிவ படிக்க சொல்லுங்க, யாரும் கேக்காமலே அரசு ஆபீஸ் என்னெல்லாம் வெளியிடணும்னு அதுல இருக்கு. வாரம் ஒரு அரசாணைய எடுத்து ரேஷன் கடை க்யூல நிக்கற அம்மாவுக்கு புரியற மாதிரி பத்து வரில எழுதணும், எழுதினத உங்ககிட்டயே படிச்சு காட்டணும், உங்களுக்கு புரியலன்னா திருப்பி எழுதணும். நெட் எக்ஸாம் அப்ளிகேஷன் எப்போ வருதுன்னு ஒரு கண்ணு வச்சுக்கோங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடி அவளையே எனக்கு ஒரு போன் பண்ண சொல்லுங்க, எந்த பேப்பர்ல வீக்குன்னு பாத்து படிக்கற ப்ளான் போட்டு தரேன்.