அப்பான்னு கூப்பிட வாய் வரலையே!
(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 46 வயசு. தூத்துக்குடியில லாரி புக்கிங் ஆபீஸ்ல வேலை. எங்க சபையில ஆராதனை நேரம் வாலிப பசங்க கண்ண மூடி கைய தூக்கி 'அப்பா ஐ லவ் யூ'ன்னு அழுறாங்க, எல்லாரும் சொல்லுங்கன்னு பாஸ்டரும் சொல்றாரு, எனக்கு மட்டும் வாய் வரமாட்டேங்குது. பெத்த அப்பாகிட்டயே ஒரு நாளும் அப்படி சொன்னதில்ல. அப்போ எனக்கு தேவன் மேல அன்பே இல்லையா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, உங்க அப்பாகிட்ட சொன்னதில்லன்னுதான் எழுதிருக்கீங்க, அவர் மேல பாசம் இல்லன்னு எழுதல. ரெண்டும் வேற வேற.

எங்க அப்பாவுக்கு கடைசி ரெண்டு மூணு வருஷம் குனிய முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்கு போனா ஒரு வாளியில வெந்நீர் வச்சு அவர் கால ஊற போட்டு நகம் வெட்டி விடுவேன், அந்த கட்டைவிரல் நகம் கொட்டாங்கச்சி மாதிரி இருக்கும், சும்மா வெட்டவே முடியாது. அவர் ஒண்ணும் சொல்லமாட்டார், ஒரு கால் முடிஞ்சதும் அடுத்த கால நீட்டுவார், அப்புறம் மெதுவா "பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா"ன்னு கேப்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த அரை மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நம்ம வீடுகள்ல அப்பா மேல உள்ள அன்பு பெரும்பாலும் இப்படித்தான் வருது, அதனால பாட்டு நேரத்துல உதடு அசையலன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

இன்னொன்னு யோசிங்க. 'அப்பா'ங்கிற வார்த்தை புதிய ஏற்பாட்டுல மூணே இடத்துலதான் வருது, மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. அது இயேசு பேசின அரமேயிக் பாஷை வார்த்தை, நம்ம வார்த்தையும் அதே சத்தத்துல இருக்கிறது நமக்கு கிடைச்ச ஒரு சந்தோஷம். அது சின்னக் குழந்தை பேச்சுலேர்ந்து வந்த வார்த்தைன்னு ஜெர்மனியில யோவாகிம் எரேமியாஸ்ங்கிற வேத அறிஞர் எழுதினார், இல்ல வளந்த பிள்ளைங்களும் அப்படித்தான் கூப்பிட்டாங்கன்னு 1988ல ஜேம்ஸ் பார்ங்கிறவர் பதில் எழுதினார். தமிழ்ல இதுக்கு சண்டையே வேண்டாம், அஞ்சு வயசுலயும் அப்பாதான், அம்பது வயசுலயும் அப்பாதான்.

இயேசு அந்த வார்த்தைய சொன்னதா சுவிசேஷத்துல இருக்கிற ஒரே இடம் எது பாருங்க. ஆராதனை இல்ல, கெத்செமனே, அவர் பிடிபடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணின தோட்டம். ராத்திரி, சிஷ்யர்கள் தூங்கிட்டாங்க, மரணம் பக்கத்துல வந்தாச்சு, தரையில விழுந்து "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்"னு கேக்குறார். பயத்த மறைக்கல, எனக்கு இது வேண்டாம்னு சொல்றார், அப்புறம் உம்முடைய சித்தம்னு விட்டுக்கொடுக்குறார். எனக்கு இத படிக்கும்போதெல்லாம் தோணுறது என்னன்னா அப்பாகிட்ட அன்பா இருக்கிறதுன்னா முதல்ல ஒளிவுமறைவு இல்லாம இருக்கிறது.

லூக்கா 15ல இயேசு சொன்ன கதையில, சொத்துல பங்கு வாங்கிட்டு போய் அழிச்சிட்டு திரும்பி வந்த இளையவன விட மூத்த மகன் கதை எனக்கு அதிகமா வலிக்கும். அவன் வீட்ட விட்டே போகல. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து"ன்னு கணக்கு சொல்றான், சிநேகிதரோட சாப்பிட ஒரு ஆட்டுக்குட்டி கூட தரலன்னு குறை சொல்றான். அத்தன வருஷத்துல அவன் ஒரு நாள் வாய தொறந்து கேட்டானான்னு தெரியல, அப்பா வீட்டுலயே கூலிக்காரன் மாதிரி இருந்துட்டான். அப்பா அவன திட்டல, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது"ன்னார்.

அதனால நீங்க இன்னைக்கு ராத்திரி ஆபீஸ் சாவிய ஆணியில மாட்டிட்டு கட்டில்ல உக்காந்து அன்னன்னைக்கு நடந்தத அப்படியே சொல்லுங்க, அந்த பார்ட்டி வாடகை பாக்கி இன்னும் தரல, பெரியவளுக்கு ஃபீஸ் கட்டணும், டிரைவர்கிட்ட கோவமா பேசிட்டேன்னு. கேக்குறதுக்கு முன்னாடியே அவருக்கு தெரியும்தான், மத்தேயு 6:8ல இருக்கு, ஆனாலும் பிள்ளை வாயால கேக்க எந்த அப்பாவுக்கு ஆசை இருக்காது?

கூட ஒண்ணு. சொத்து தகராறுல பேசாம இருக்கிற அண்ணன் தம்பி யாராவது இருந்தா ஒரு போன் போடுங்க. பிள்ளைங்க முகம் பாக்காம இருந்தா அப்பாவுக்கு சோறு இறங்காது, கண்ட சகோதரன்கிட்ட அன்பா இல்லாதவன் காணாத தேவன்கிட்ட எப்படி அன்பா இருப்பான்னு யோவான் கேக்குறது (1 யோவான் 4:20) இதத்தான். அழுது பாடுற பசங்கள தப்பா நினைக்காதீங்க, அவங்களுக்கு அந்த வார்த்தை கிடைச்சிருக்கு, நல்லா சொல்லட்டும்.

கேள்வி: அண்ணா, எங்க அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாங்க. இறந்து வருஷமாச்சு, மன்னிச்சிட்டேன். ஆனா 'எங்கள் பிதாவே'ன்னு ஜெபிக்கும்போது அந்த சாராய வாடை இப்பவும் வருது, நெஞ்சு அடைக்குது. என்ன செய்யணும்?
- ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த வார்த்தை வரலன்னா இப்போ விட்டுடுங்க, பாவம் ஒண்ணும் இல்ல. 150 சங்கீதத்துல தேவன தகப்பன்னு சொல்ற இடம் ரொம்ப கொஞ்சம், கர்த்தாவே, கன்மலையே, மேய்ப்பரேன்னுதான் கூப்பிடுறாங்க, நீங்களும் அப்படி கூப்பிடுங்க. ஒரு தாய் தேத்துறது போல நான் உங்கள தேத்துவேன்னு அவரே ஏசாயா 66:13ல சொல்லிருக்கார், அம்மா மடியில படுக்கிற மாதிரி படுத்துக்கங்க.

தகப்பன்னு சொல்ற அந்த கொஞ்ச இடத்துல ஒண்ணு சங்கீதம் 68:5. திக்கற்ற பிள்ளைகளுக்கு தகப்பன், விதவைகளுக்கு நியாயம் விசாரிக்கிறவர். அடிச்சவர் பக்கம் நிக்கிற தகப்பன் இல்ல இவர், அடி வாங்கின உங்க அம்மா பக்கம் நிக்கிறவர். அப்பா வர்ற சத்தம் கேட்டா நீங்க ஓடி ஒளிஞ்சிருப்பீங்க, லூக்கா 15:20ல ஓடுறது அப்பா, மகன தூரத்துல பாத்ததுமே மனசு உருகி ஓடுறார். இந்த ஒரு வசனத்த மட்டும் கொஞ்ச நாள் தினமும் படிங்க. நெஞ்சு அடைக்கிறது நிக்கலன்னா நம்பிக்கையான ஒரு அக்காகிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ வாய் விட்டு பேசுங்க, ஜெபம் பண்ணா போதும்னு யாராவது சொன்னாலும் போங்க.

கேள்வி: எங்க 5 வயசு பையன் ராத்திரி ஜெபத்துல "பரலோகத்து அப்பா, நீயும் படுத்து தூங்கு"ன்னு சொல்றான். 'நீர்'னு சொல்ல பழக்கணும்னு மாமியார் சொல்றாங்க. பழக்கணுமா?
- ஒரு அம்மா, பாளையங்கோட்டை

பதில்: இப்போ வேண்டாம்மா. வேதம் எழுதின எபிரேய, கிரேக்க பாஷையில தேவனுக்குன்னு தனி மரியாதை 'நீர்' கிடையாது, எல்லாருக்கும் சொல்ற வார்த்தைதான். 'நீர்' நம்ம தமிழ் மரியாதை, அழகானது, பாட்டி கூட உக்காந்து ஜெபிக்க ஜெபிக்க அவனுக்கு தானா வந்துடும். இஸ்ரவேலை காக்கிறவர் தூங்குறதில்லன்னு சங்கீதம் 121ல இருக்கு, அத இன்னொரு நாள் சொல்லிக் கொடுங்க. அப்பாவும் களைச்சிருப்பார்னு பிள்ளை நினைச்சிருக்கான், இன்னைக்கு ஆமென் சொல்லிட்டு லைட்ட அணைங்க.