வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்துச் சேலத்துப் பையன்கள் மாறிவிடுவார்களா?

கேள்வியைக் கேட்டவர் ஒரு தந்தை. கல்லூரியில் படிக்கும் மகன் இரவில் போனில் தாய்லாந்துத் தொடர் பார்க்கிறானாம். அதில் இரண்டு பையன்கள் காதலிக்கிறார்களாம். "இதைப் பார்த்துப் பார்த்து இவனும் அப்படி ஆகிவிடுவானோ?" என்று கேட்டிருக்கிறார்.

ஆக மாட்டான். பார்ப்பதால் ஒருவன் மாறுவான் என்றால் முதலில் மாறியிருக்க வேண்டியவன் நான், அதுவும் உங்களுக்குப் பிடித்த திசையில். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்திய குடும்பம் எங்களுடையது. தொண்ணூறுகளில் பட்டறையில் டிவி நாள் முழுக்க ஓடும். பற்றவைக்கிறவர்களும் சலங்கை கோர்க்கிறவர்களும் தலை நிமிராமல் காதாலேயே படம் பார்த்துவிடுவார்கள். எல்லாப் படத்திலும் ஆண் பெண்ணைத்தான் துரத்தினான். அத்தனை டூயட்டையும் கேட்டு வளர்ந்தும் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு ஆண்களைத்தான் பிடித்தது.

என்னைப் போன்றவர்கள் படத்தில் வராமல் இல்லை. இடுப்பை வளைத்து நடந்து, ஹீரோவிடம் அறை வாங்கிப் போவார்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் பட்டறையில் எல்லாத் தலையும் நிமிரும். நானும் சிரிப்பேன். சிரிக்காதவனை அங்கே கவனிப்பார்கள்.

அமெரிக்காவிலும் கதை பெரிதாக வேறில்லை. ஹாலிவுட்டில் 1934 முதல் ஏறக்குறைய 1968 வரை இருந்த தணிக்கை விதி இதையெல்லாம் நேராகக் காட்ட விடவில்லை. ஆகவே ஜாடையாக வந்தார்கள். வில்லனாக வந்தார்கள், அல்லது கடைசியில் செத்தார்கள். 1997இல்கூட நடிகை எல்லன் டிஜெனரஸ் தன் நகைச்சுவைத் தொடரில் தான் பெண்ணை விரும்புகிறவள் என்று சொன்னபோது சில விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே தொடர் நின்றுபோனது. அந்த ஊரும் இதையெல்லாம் வயிற்றிலிருந்தே கற்றுக்கொண்டு வந்துவிடவில்லை.

பிறகு நெட் வந்தது, நானும் வெளிநாட்டுத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கினேன். மனத்தில் நின்றது முத்தக் காட்சி எதுவும் இல்லை. நடுவயதைக் கடந்த இரண்டு ஆண்கள் சமையலறையில் நின்று, பால் வாங்கி வர மறந்தது யார் என்று சண்டை போடும் காட்சி. இருவருக்கும் தொப்பை. ஒருவருக்கு மூட்டுவலி. இப்படிச் சலித்துக்கொண்டு ஒரே வீட்டில் வயதாகலாம் என்பதை அதற்கு முன் யாரும் எனக்குக் காட்டியதில்லை. உங்கள் மகன் மாறமாட்டான் என்றேன். ஆனால் இந்தத் தொடர்கள் ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே அப்படி இருக்கிறவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு அப்பாலும் ஆயுள் உண்டு என்று காட்டும்.

அவற்றில் எனக்கு ஒப்பாததும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரு அறிவிப்புக் காட்சி வரும். சாப்பாட்டு மேசையில் பையன் தொண்டையைச் செருமுவான், அம்மா அழுவார், அப்பா எழுந்து போய்த் திரும்பி வந்து கட்டிப்பிடிப்பார். அடுத்த பகுதியில் பையன் வேறு நகரத்தில் தனி வீட்டில் இருப்பான். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே கிடையாது. வீடு, பட்டறை, கடன் எல்லாம் ஒரே முடிச்சு; ஒன்றை அவிழ்த்துக்கொண்டு தனியாகப் போக முடியாது. நான் எதையும் அறிவிக்கவில்லை. வரும் ஜாதகத்தையெல்லாம் பொருந்தவில்லை என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அம்மா தரகர் வீட்டுக்குத் தானே நடந்து போய், "அவனுக்கு இனிமேல் பார்க்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி என் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் தடவிய அந்தத் தாள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போனது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரோட்டிலிருந்து என் நண்பர் வந்தால் மட்டும் ரசத்தில் மிளகைத் தூக்கலாகப் போடுவார், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்பதால். இந்தக் காட்சியை நியூயார்க்கில் உட்கார்ந்து எழுத முடியாது.

பொது இடத்தில் கைகோத்து நடப்பதை அந்தத் தொடர்கள் பெரிய வீரமாகக் காட்டும். இங்கே இரண்டு ஆண்கள் ஒரே பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய், ஏரிக்கரையில் தோளில் கைபோட்டு நடந்தால் சுண்டல் விற்பவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். பாவம், ஆணும் பெண்ணுமாகப் போகிறவர்களைத்தான் ஊரே பார்க்கும். எங்களுக்குச் சிக்கல் அங்கே இல்லை, "எப்போது கல்யாணம்?" என்ற கேள்வியில் இருக்கிறது.

உங்கள் மகன் பார்க்கும் வகைக்கு வருகிறேன். அதன் வேர் 1970களில் ஜப்பானியப் பெண்கள் வரைந்த படக்கதைகளில் இருக்கிறது. இன்றும் பார்ப்பவர்களில் ஏராளமானோர் பெண்கள். என் அக்கா மகளும் பார்க்கிறாள். "மாமா, இந்த ஊரில் யாருடைய அப்பாவுக்கும் கோபமே வராதா?" என்று கேட்டாள். அவளுடைய ஆசையெல்லாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் மீது. அதை அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். தாய்லாந்திலேயே தன்பாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில்தான். ஜோடி நடிகர்களை வைத்துச் சோப்பும் நொறுக்குத்தீனியும் விற்ற வியாபாரம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. உலக ஊடகத்தின் துணிச்சல் சந்தை வரைக்கும்தான். ராக் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் (மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் படித்தவர், பாதி நம்மவர்) வாழ்க்கைப் படம் 2019இல் சீனாவில் வெளியானபோது, அவர் ஆண்களோடு நெருங்கியிருந்த காட்சிகள் வெட்டப்பட்டன.

இதெல்லாம் இறக்குமதி என்பவர்களுக்கு, நம் மரபிலேயே எல்லாம் இருந்தது என்று சிலர் பதில் சொல்வார்கள். ஆடிப் பண்டிகையில் சேலம் குகைப் பகுதியில் சாமி வேடமிட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைக் காட்டுவார்கள். மீசையை மழித்துவிட்டு அம்மன் வேடத்தில் வண்டியில் நிற்கும் ஆணை ஊரே கும்பிடுகிறதே என்பார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. வேடம் விடிந்தால் கலைந்துவிடும், அதனால்தான் கும்பிடுகிறார்கள். விடிந்த பிறகும் பெண்ணாகவே வாழ வந்த சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு, காவல் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அவரை நியமிக்கச் சொல்லி 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் பட்டறை டிவியில் அந்தச் செய்தி வந்தபோது எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. "நம்ம ஊர்ப் பொண்ணு" என்றார் மெருகு போடும் பெரியவர். எந்தத் தொடரும் அந்த வேலையை எங்கள் பட்டறையில் செய்ததில்லை.

உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்று போனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பிடுங்கவும் வேண்டாம். அவனே உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், "சரிசெய்து தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம் மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அப்படிச் சிகிச்சை என்று எதையும் செய்யக் கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. மருத்துவர் அதைச் செய்தால் தொழில் ஒழுங்கை மீறிய குற்றம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது.