ஒரே வேலைக்கு ஆணுக்கு 25,000 ரூபா கூட. எனக்கோ ஐரோப்பா போக ஆசை. கொழும்பில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வியில் நீங்கள் தந்த விபரம்: தனியார் கம்பனியில் உங்களுக்கு அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபா, அதே பதவியில் இருக்கும் ஆணுக்கு 145,000. ஐரோப்பா பார்த்துவர ஆசை. சம்பளப் பேச்சை முதலில் எடுப்பதா, சேமிப்பைத் தொடங்குவதா என்று கேட்கிறீர்கள்.

சம்பளத்தை முதலில் எடுங்கள். உங்கள் வாதத்துக்குத் தேவையான நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு, வங்கிக் கூற்று ஆகியவைதான் பிறகு விசாக் கோப்பின் முதுகெலும்பாகவும் இருக்கப்போகின்றன.

அடிப்படைச் சம்பளத்தில் 25,000 குறைந்தால் இழப்பு அதோடு நிற்காது. முதலாளி கட்டும் ஈபிஎஃப் 12% என்பதால் அதில் 3,000, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% என்பதால் 750. ஆக மாதம் 28,750, வருடத்துக்கு 345,000. மேலதிக நேரக் கொடுப்பனவும் போனஸும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்பட்டால் அவையும் குறையும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஐந்து வருடத்தில் அங்கேயும் 62,500 போய்விடும். 2025 ஏப்ரலுக்குப் பிறகு மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. எனவே 145,000க்கு உயர்ந்தாலும், கொடுப்பனவுகளும் சேர்ந்து 150,000ஐத் தாண்டாதவரை வரி விழாது. உங்கள் பங்கான 8% போக, கைக்கு 23,000 கூட வரும். வருடத்துக்கு அது 276,000. கூட்டம் குறைந்த மாதமொன்றில் பாரிஸ் போய்வரும் டிக்கெட்டில் பெரும்பகுதியை அது தாங்கும்.

ஆனால் அந்த 25,000 உண்மையில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான சம்பளக் கோரிக்கைகள் இங்கேதான் சரிகின்றன. அவருடைய மொத்தத்தையும் உங்கள் அடிப்படையையும் ஒப்பிட்டிருந்தால், எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஒரே வரியில் முடித்துவிடும். பெற்றோல் கொடுப்பனவு, போன் கொடுப்பனவு, இரவு நேர வேலைக்கான தொகை ஆகியவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். இரவு வேலைக்குக் கூடக் கொடுப்பது நேரத்துக்கான பணம், அதை வாதத்தில் சேர்க்காதீர்கள். பெற்றோல் கொடுப்பனவு வேறு விஷயம். நீங்கள் இருவரும் ஒரே வாடிக்கையாளர்களிடம் போய்வருகிறீர்கள், அவருக்கு மட்டும் அது கிடைக்கிறது என்றால், அது வாதத்துக்குள் வரவேண்டியது. பிறகு கிரேட், சேர்ந்த திகதி, தகைமை, இலக்கு, கீழே வேலை செய்வோர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். உங்கள் பத்தி எங்கே குறைகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் அதைத்தான் முதலில் தூக்கும்.

இடைவெளி எப்படி உண்டானது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடிக்கடி காணும் காரணங்கள் இரண்டு. ஒன்று, சேரும்போது முந்தைய சம்பளத்தைக் கேட்டு அதன் மேல் ஒரு வீதம் போட்டுக் கொடுப்பது. முதல் வேலையில் பட்ட குறை இப்படி அடுத்த வேலைக்கும் கூடவே வருகிறது. இரண்டாவது, பிரசவ விடுமுறை. சட்டப்படி 84 வேலை நாட்கள். 2018க்குப் பிறகு எந்தக் குழந்தைக்கும் இதே அளவுதான். ஆனால் அந்த வருடம் மதிப்பீடு நடக்கவில்லை என்று இன்கிரிமென்டை விட்டுவிடுவார்கள், அடுத்த வருட வீதமும் குறைந்த தொகையின் மேலேயே ஏறும். இது எனக்கு மிகவும் அநியாயமாகப் படும் இடம். உங்களுக்கு இது நடந்திருந்தால் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சம ஊதியம் பற்றிய சர்வதேச தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. தனியார் கம்பனியின் சம்பளப் பட்டியலை அதைக் கொண்டு நேரே தொடமுடியாது. அதனால் சட்டப் பிரிவுகளை அடுக்கிய கடிதம் அனுப்பி வெல்லலாம் என்று நம்பி இருக்காதீர்கள். தொழில் திணைக்களம் வலுவாக நிற்கும் இடம் வேறு: ஈபிஎஃப். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, உணவுக் கொடுப்பனவு போன்றவையும் ஈபிஎஃப் கணக்கில் சேரவேண்டியவை, மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. குறைத்துக் கட்டியிருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், முதலாளி மேலதிகக் கட்டணத்தோடு கட்டவேண்டிவரும்.

கடிதத்தில் கூட வேலை செய்பவரின் பெயர் வரவே கூடாது. அவருடைய சம்பளச் சீட்டைப் படமெடுக்கவும் வேண்டாம், எச்.ஆர். கோப்பை யாரிடமிருந்தும் வாங்கவும் வேண்டாம். நியமனக் கடிதத்தில் சம்பள இரகசியம் பற்றிய வாசகம் இருந்தால் பேச்சு உடனே உங்கள் ஒழுக்கக் குற்றமாகத் திரும்பும். இப்படிக் கேட்கலாம்: “சேர், இந்த கிரேடில் அடிப்படைச் சம்பளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவேண்டும். என் பொறுப்புகளும் இலக்கும் இந்தத் தாளில் இருக்கின்றன. அடிப்படையை 145,000க்குக் கொண்டுவரக் கேட்கிறேன்.” தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வாடகை, பிள்ளையின் டியூசன், வெளிநாட்டுப் பயணம் எதையும் இழுக்காதீர்கள். வேலையின் பெறுமதிதான் பேச்சு.

பதிலாகக் கொடுப்பனவு ஒன்று தரலாம் என்பார்கள். அது நிலையான தொகைதானா, ஈபிஎஃப் கணக்கில் சேருமா, எந்தத் திகதியில் அடிப்படையோடு இணையும் என்று எழுத்தில் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். “அடுத்த வருடம் பார்ப்போம்” என்றால் அன்றைக்கே பேசியதைச் சுருக்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். வேலைநீக்கம் செய்யப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம், தானாக விலகியவருக்கு அந்த வழி மிகவும் ஒடுங்கிவிடும்.

காலத்தைக் கவனியுங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடியும் கம்பனி என்றால் ஜனவரி, பெப்ரவரியில் கேளுங்கள், வரவுசெலவு அப்போதுதான் எழுதப்படுகிறது. ஏப்ரலில் புதிய சம்பளம் வந்தால் ஜூன் முடிவில் மூன்று சம்பளச் சீட்டு கையில் இருக்கும். ஜூலையில் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பித்து செப்டம்பர் கடைசியில் பயணம் போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்கவேண்டும், முடிவு 45 நாள் வரை இழுபடலாம். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்கவேண்டும்.

கோப்பு தடுக்கி விழுவது பொருத்தம் இல்லாத தொகைகளில். கம்பனிக் கடிதம் 145,000 என்கிறது, வங்கியில் 110,000 வரவாகிறது, மீதி கையில் காசாகத் தரப்படுகிறது என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். விண்ணப்பத்துக்கு முதற்கிழமை மாமா போட்ட பத்து இலட்சமும் அப்படித்தான். சொந்தச் சம்பளம் இருந்தும் பல பெண்கள் கணவரின் அல்லது அப்பாவின் வங்கிக் கூற்றை மேலே வைக்கிறார்கள். உங்களுடையதை முதலில் வையுங்கள். திரும்பிவர ஒரு வேலை இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பிரான்ஸில் ஹோட்டல் பதிவு இருந்தால் ஒரு நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ காட்டவேண்டும். உறவினர் வீட்டில் தங்கினால் 32.50 போதும். ஆனால் அவர் தன் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் எடுத்து மூலப் பிரதியை அனுப்பவேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். சுவிஸும் போவதென்றால் கூட நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம், முன்பதிவு போதும்.

லீவு: கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருடாந்த விடுமுறை 14 நாள், அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாகக் கிடைக்கவேண்டும். லீவு அனுமதிக் கடிதத்தில் புறப்படும், திரும்பும், வேலைக்கு வரும் திகதிகளோடு புதிய அடிப்படைச் சம்பளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகை சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று கோப்பைக் கையளிக்க முன் ஒருதடவை சரிபாருங்கள்.