கிணற்றில் இறங்கும் சாயக்கழிவு: நாள்கணக்கை முதலில் பாருங்கள்

வணக்கம். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை இரவில் திறந்துவிடும் கழிவால் உங்கள் கிணற்றுநீர் நிறம் மாறி 4 மாதம் ஆகிறது என்றும், கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலுக்காக இனியும் காத்திருக்க வேண்டாம்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே மனு தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மட்டுமே மேலும் 60 நாள் வரை கிடைக்கும். இழப்பீடும் கிணற்றின் சீரமைப்பும் கேட்பதற்கு 15-ஆம் பிரிவு 5 ஆண்டு தருகிறது என்றாலும், கழிவை நிறுத்துவதுதான் உங்களுக்கு அவசரம். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் தடையில்லை.

தனியார் ஆய்வகத்தின் அறிக்கை துணைச்சான்றாக உதவும். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, பட்டறையின் வெளியேற்றுக் குழாயிலேயே 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் சொல்லும் முறைப்படி எடுக்கும் மாதிரிக்குத்தான் கூடுதல் வலு. ஆகவே கழிவு வெளியேறும் நேரத்தைக் குறிப்பிட்டு, மாதிரி எடுக்கக் கோரும் கடிதத்தை வாரியத்துக்கு விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். பட்டறைக்கு இயக்க இசைவாணை (இயங்க வாரியம் தரும் அனுமதி) இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மாசற்ற நீரைப் பெறும் உரிமை, வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் ஏற்றது. இவ்விரண்டையும் மனுவில் தவறாமல் குறிப்பிடுங்கள்.