பாலெர்மோவின் தேவாலயங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் குடும்பத்தோடு சிசிலி போகிறோம். பாலெர்மோவில் இரண்டு நாள். எந்தெந்த தேவாலயங்களைப் பார்க்கலாம்? கட்டணம் வாங்கும் இடங்களைத் தவிர்த்தால் நஷ்டமா? அரபுக் கைவினைஞர்கள் வேலை செய்த கிறிஸ்தவ ஆலயங்கள் என்று படித்தேன். மத நல்லிணக்கத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்!

ரா.

அன்புள்ள ரா.,

விமானத்துக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு வாசலில் கணக்குப் பார்ப்பீர்களா? அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து பயணம் வந்த முஸ்லிம் எழுத்தாளர் இபின் ஜுபைரின் பயணக்குறிப்பைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பாலெர்மோ என்றதுமே எல்லோரும் ‘நல்லிணக்கம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அரபுகளிடமிருந்து சிசிலியைப் பிடித்த நார்மன்களின் மன்னன் இரண்டாம் ரோஜர் அரண்மனைக்குள் எழுப்பிய கப்பெல்லா பலத்தீனா என்ற சிற்றாலயத்தில் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரை முழுக்கத் தேன்கூடுபோலக் குடைவுகள். அதற்குள் குடிப்பவர்கள், குழலூதுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள். கூடவே அரபு எழுத்தில் வாழ்த்துகள். சுவரில் கிரேக்கப் பாணியில் பொன் மொசைக். கண் கொள்ளாத அழகுதான். ஆனால் அது ராஜதோரணை ஐயா! கெய்ரோவில் சிறந்ததும் கான்ஸ்டான்டிநோபிளில் சிறந்ததும் தன் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஒரு அரசன் நினைத்தான், கூலி கொடுத்தான்.

ரோஜர் இறந்தது 1154இல். 1161 கலகத்தில் அதே பாலெர்மோவில் முஸ்லிம்களை வெட்டிப்போட்டார்கள். 1184 கிறிஸ்துமஸுக்கு அங்கே இருந்த இபின் ஜுபைர், இன்று மார்த்தொரானா எனப்படும் தேவாலயத்தின் பொன்சுவர்களைப் பார்த்து மயங்கி, இந்தச் சபலத்திலிருந்து இறைவன் காக்கட்டும் என்று எழுதுகிறார். அதே கையோடு, ஊரில் முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கமான குத்பாவுக்குத் தடை என்பதையும் எழுதிவைக்கிறார். உங்கள் கண்ணில் முதல் வரி மட்டும்தான் படும், இல்லையா? ரோஜரின் மகள்வயிற்றுப் பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1220களில் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லுச்செராவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கடத்தினான். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிந்தது. பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றார்கள். கூரையைச் செய்த கைகளின் வாரிசுகள் அவர்களில் இருந்திருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசோடு கேட்கிறீர்கள், தெரிகிறது. கட்டாயம் போய்வாருங்கள், பிள்ளைகளையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கதீட்ரலின் தெற்கு முகமண்டபத்தில் இடக்கோடித் தூணில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. 1185இல் அந்தக் கதீட்ரலைக் கட்டிய இடம், அரபுகள் ஆண்ட காலத்தில் மசூதி. வழிகாட்டி இதையும் நல்லிணக்கம் என்பார்; அவரோடு மல்லுக்கு நிற்கவேண்டாம்.

பட்டியல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். தோள் தெரிய உடுத்திப்போய் வாசலில் வாதாடாதீர்கள்.