மகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. தொழிற்சாலைகளில் எழும் கரைப்பான் (பெயின்ட், மை போன்றவற்றைக் கரைக்கும் திரவம்) ஆவியைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் செய்கிற நிறுவனத்தில் உங்கள் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "நாலு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தது புகையைச் சுத்தம் பண்ணவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் நான்கு வருஷம் படித்ததெல்லாம் கைகொடுக்கிற இடம் இது. தயங்காமல் அனுப்புங்கள்.

பெயின்ட் அடிக்கும் கூடம், அச்சகம், மருந்து ஆலை என எங்கும் டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் காய்ந்து காற்றில் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். எல்லா ஆவிக்கும் ஒரே மருந்து கிடையாது. அடர்த்தியாக இருந்தால் குளிரவைத்துத் திரவமாகவே மீட்கலாம். நீர்த்துப்போய் வந்தால் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரியில் ஒட்டவைக்கலாம். ஆனால் அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் சேர்ந்தால் அந்தக் கரி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். இதை முன்கூட்டியே கணித்துச் சொல்பவர்தான் இன்ஜினியர்.

பல கரைப்பான்கள் கலந்து வந்தால் பெரும்பாலும் எரித்துவிடுவார்கள். அதற்கான ஆர்டிஓ (எரித்த சூட்டை மீட்டு மறுபடி பயன்படுத்தும் எரிப்பான்) என்ற கருவியை அவள் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். உள்ளே வெப்பம் சுமார் 800 டிகிரி செல்சியஸ். எரிந்த வாயு வெளியேறும் வழியில் பீங்கான் அடுக்கு அதன் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் வால்வுகள் திசை மாறும், அடுத்து வரும் காற்று அதே அடுக்கில் புகுந்து சூடாகும். இப்படி 95 சதவீதம் வரை வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. பாடத்தில் படித்த வெப்பப் பரிமாற்றம் கண்முன்னே நடக்கும்.

சரி, ஆபத்து? இருக்கிறது. காற்றில் டொலுவீன் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே தீப்பற்றலாம். அதனால் பொதுவாக அந்த எல்லையில் கால்பங்குக்கு மேல் போகாமல் சென்சார் வைத்துக் காப்பார்கள். சேருவதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: பாதுகாப்புப் பயிற்சி எத்தனை நாள்? தளத்தில் ஆளுக்கொரு கேஸ் டிடெக்டர் தருவார்களா? தொட்டிக்குள் இறங்கும் முன் எழுத்துமூல அனுமதி முறை உண்டா?

அப்புறம், முதல் இரண்டு வருஷம் வடிவமைப்பு மேஜையிலேயே உட்கார வேண்டாம். கருவியை நிறுவி ஓடவிடும் குழுவில் இடம் கேட்கட்டும். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இந்தக் கேள்விகளை நாளைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.