ட்ரூப்புக்குள் அரசியல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து இசைக்குழுக்களிடமிருந்து வந்த நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எட்டுப் பேர் சேர்ந்து ட்ரூப் நடத்துகிறோம். பொள்ளாச்சி, உடுமலையில் தமிழ்ப் பாட்டு, நெம்மாற, ஆலத்தூர் பக்கம் கானமேளா என்ற மலையாள மேடைக் கச்சேரி. மூன்று பேர் இடதுசாரி, இரண்டு பேர் காங்கிரஸ், பாஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி பி.ஜே.பி., மற்ற இருவருக்கு எதுவும் இல்லை. தேர்தலில் ஒரு கட்சி மேடைக்கு வாசித்தோம். அதிலிருந்து தம்பி பிராக்டிஸுக்கு வருவதில்லை. ஒரே கருத்துக்காரர்களை வைத்துத்தான் குழு நடத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே கட்சி என்று தேடிப் போனால், அந்த எட்டுப் பேரில் நல்ல பாஸ் வாசிக்கிறவர் இருக்க மாட்டார். உங்கள் குழுவில் கருத்து வேறுபாடு முன்பும் இருந்தது, அப்போதெல்லாம் தம்பி வந்துகொண்டுதான் இருந்தார். அவரைக் கேட்காமல் அவர் பெயரும் முகமும் அந்த மேடையில் ஏறியதுதான் அவரை நிறுத்தியிருக்கிறது. அவருடைய ஊரில், அவருடைய ஆட்கள் முன்னால், இன்னொரு கட்சிக் கொடிக்குக் கீழே அவர் நின்றிருக்கிறார். அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ரமோன்ஸ் என்று ஒரு ராக் குழு. 1974-இல் நியூயார்க்கில் தொடங்கியது. பாடகர் ஜோயி இடது பக்கம் சாய்ந்தவர். கிட்டார் வாசித்த ஜானி குடியரசுக் கட்சியின் உறுதியான ஆதரவாளர். போதாததற்கு ஜோயியின் காதலி அவரை விட்டு வந்து ஜானியை மணந்தார். இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அப்படியும் 1996 வரை 2,000-க்கு மேற்பட்ட கச்சேரிகளை ஒரே மேடையில் வாசித்தார்கள். நேரத்துக்கு வருவது, பணக் கணக்கு, பாட்டு வரிசை இவற்றில் ஜானி வைத்த கண்டிப்புதான் வண்டியை ஓட்டியது. ஆனால் 2001-இல் ஜோயி இறக்கும்வரை இருவருக்கும் சமாதானம் ஆகவில்லை. குழு ஓடும் என்பதற்கு இது சாட்சி. இப்படித்தான் ஓட வேண்டும் என்பதற்கு அல்ல.

உங்களுக்கு வேண்டியது ஒரு தாள். குழுவின் பெயரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அதில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு, உடை, பிராக்டிஸ் நாள் போன்றவற்றுக்குப் பெரும்பான்மை போதும். கட்சி மேடைக்கு மட்டும் பெரும்பான்மை வேண்டாம். ஒருவர் வேண்டாம் என்றாலும் குழுவின் பெயர் போகக்கூடாது. போக விரும்புகிறவர்கள் தனியாளாகப் போகலாம். அப்போது குழுவின் பேனர், யூனிஃபார்ம், பொதுப் பணத்தில் வாங்கிய மிக்ஸர், ஃபேஸ்புக் பக்கம் எதுவும் கூடப் போகக்கூடாது.

இதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள், பதிவு செய்யாவிட்டாலும், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு பங்காளியும் மற்றவர்களுக்கு முகவர். ஒருவர் போனில் ஒத்துக்கொண்ட மேடை எட்டுப் பேரையும் கட்டலாம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் சமபங்கு.

எல்லாரும் சம்மதித்தே கட்சி மேடைக்குப் போகிறீர்கள் என்றால், எல்லாக் கட்சிக்கும் ஒரே ரேட் வையுங்கள். நம்ம கட்சி என்று ஐயாயிரம் குறைத்தால், அந்த ஐயாயிரம் சம்மதமில்லாதவர் பங்கிலிருந்தும் போன நன்கொடை. அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். பாட்டு வரிசையை இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். கட்சித் துண்டு போட வந்தால் கைகூப்பி மறுத்துவிடலாம் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பேச்சாளர்கள் ஏறியதும் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

சண்டை பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் பற்றிக்கொள்ளும். மைக் பிடித்தவர் திரும்பி, "தலைவர் பேரைச் சொல்றப்பெல்லாம் ஒரு டிரம் ரோல் போடுங்க" என்பார். டிரம்மர் எதிர்க்கட்சிக்காரர். முதல் பெயருக்குக் குச்சி எழாது. கூட்டம் திரும்பிப் பார்க்கும், கீபோர்டுக்காரர் முறைப்பார், அன்றிரவு வேனில் பேச்சு இருக்காது. "பெயருக்கு ரோல் போடுவதில்லை" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருந்தால் அந்த நொடி வந்தே இருக்காது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் இசைக் கச்சேரி வைத்துத் தேர்தல் விஷயத்தைப் பரப்புவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. ஆக எல்லை ஊரான வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் தடை ஒரு வாரம், அந்தப் பக்கம் அடுத்த வாரம். கோயில் திருவிழாவுக்கு வாசிப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அதே மேடையில் பாடகர் ஒரு சின்னத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் கதை மாறிவிடும். வேட்பாளர் உங்களுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதானால் காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் கொடுக்க வேண்டும். அது ஒருவருடைய சொந்தக் கணக்கில் விழுந்தால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கட்சிச் சண்டை என்று வெடிப்பதன் அடியில் பல சமயம் கணக்குச் சண்டை கிடக்கும். 48,000-க்குக் கச்சேரி என்று வையுங்கள். வேன் 6,000, சாப்பாடு 2,000 போனால் 40,000. பொதுநிதிக்குப் பத்தில் ஒரு பங்கு, 4,000. மீதி 36,000, ஆளுக்கு 4,500. இந்த நான்கு வரியை அன்றிரவே வாட்ஸ்அப்பில் போடுங்கள். குழுவுக்கு இரண்டு வாட்ஸ்அப் குரூப் வேண்டும். ஒன்றில் தேதி, இடம், வர வேண்டிய நேரம், உடை, பாட்டு, கணக்கு மட்டும். மற்றொன்றில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பிடிக்காதவர் வெளியேறலாம். ஒரே குரூப்பாக இருந்தால் கட்சி ஃபார்வேர்டுகள் பிடிக்காமல் ஒருவர் அதை மியூட் செய்வார், பிறகு கச்சேரி நேரம் மாறியதே அவருக்குத் தெரியாது.

தம்பியைக் கூப்பிட வயதில் மூத்தவர் ஒருவர் அவர் வீட்டுக்கு நேரில் போகட்டும். "உன்னைக் கேக்காம ஒத்துக்கிட்டது தப்புதான்" என்ற ஒரு வாக்கியம் முதலில் வர வேண்டும். திரும்பி வந்ததும் உடனே மேடை வேண்டாம். மனத்தாங்கல் முதலில் காதில் கேட்பது பாஸிலும் கிக் டிரம்மிலும்தான். தம்பியும் டிரம்மரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாசிப்பார்கள். பாஸ் ஒரு இழை முந்தும், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் இருவரும் வேறுவேறாக இறங்குவார்கள். மூன்று பிராக்டிஸில் முதல் இருபது நிமிடம் பாடகரும் கீபோர்டும் இல்லாமல், வேகம் காட்டும் மெட்ரோனோம் கிளிக் போட்டு, இவர்கள் இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கட்டும். வேகத்தை நிமிடத்துக்கு 80 தட்டில் தொடங்கி 120 வரை ஏற்றுங்கள். மெதுவான வேகத்தில்தான் தவறு தெரியும். பேச்சுவார்த்தையை விட இது சீக்கிரம் வேலை செய்கிறது.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடகர் தன் ஃபேஸ்புக்கில் ஒரு கட்சியைத் திட்டி எழுதினார். புனலூர் பக்கத்துக் கோயில் கமிட்டி ஒன்று புக்கிங்கை ரத்து செய்துவிட்டது. அவரை அழிக்கச் சொல்லலாமா?

சொந்தப் பக்கத்தில் எழுதியதை அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. கேட்க வேண்டியது வேறு. அந்தப் பதிவில் குழுவின் யூனிஃபார்மோடு எடுத்த படம் இருக்கிறதா? அறிமுக வரியில் குழுவின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அவற்றை எடுக்கச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கை. குழுவின் பக்கத்தில் ஏறியிருந்தால் மட்டும், விவாதமே இல்லாமல், அன்றே நீக்குங்கள். அந்தப் பக்கத்துக்கு அட்மின் இரண்டு பேர், இருவரும் வேறுவேறு கருத்துக்காரர்களாக இருப்பது நல்லது.

கமிட்டிக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "அது அவருடைய சொந்தக் கருத்து, குழு எந்தக் கட்சிக்கும் சார்பில்லை, உங்கள் மேடையில் பாட்டைத் தவிர எதுவும் பேச மாட்டோம்" என்று இரண்டு பேர் நேரில் போய்ச் சொல்லுங்கள். கமிட்டிக்குள்ளும் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள், யாரோ ஒருவர் கிளப்பியதாகத்தான் இருக்கும். பாடகரை மாற்றித் தருகிறோம் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை சொன்னால், அடுத்த கமிட்டி டிரம்மரை மாற்றச் சொல்லும். இனிமேல் ஒப்பந்தத்தில், நிகழ்ச்சிக்கு 15 நாளுக்குள் ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம், சீசனில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கோயில் மேடைகள்தான் சோறு போடுகின்றன. எங்கள் டிரம்மர் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். கோயிலுக்கு வாசிக்க மாட்டேன் என்கிறார். "ஜேசுதாஸ் பாடவில்லையா?" என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

கோபித்துக்கொண்டது சரிதான். ஜேசுதாஸ் பிறப்பால் கிறித்தவர். சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராசனம் அவர் குரல்தான். 1975-இல் வந்த படத்துக்காக அதற்கு இசையமைத்த ஜி. தேவராஜன் நாத்திகர், கேரளத்தின் இடதுசாரி நாடக மேடையில் வளர்ந்தவர். கடவுள் இல்லை என்ற ஒருவரும், வேறு மதத்தில் பிறந்த ஒருவரும் சேர்ந்து செய்த பாட்டைக் கேட்டுத்தான் ஐயப்பன் உறங்குகிறார். எங்களுக்கும் இது நெஞ்சை நிறைக்கும் விஷயம். ஆனால் அது அவர்கள் இருவரும் மனமொப்பிச் செய்தது. அதையே கோலாக எடுத்து இன்னொருவர் நம்பிக்கையை அளக்கக்கூடாது.

அவரிடம் துல்லியமாகக் கேளுங்கள். கோயில் வளாகத்துக்கே வர மாட்டாரா, பக்திப் பாட்டு மட்டும் வாசிக்க மாட்டாரா? இரண்டும் வேறு. கானமேளா தொடங்கும்போது இரண்டு மூன்று பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. பக்திப் பாட்டு மட்டும்தான் தடை என்றால், அந்த மூன்று பாட்டுக்கு ரிதம் பேட் (மின்னணுத் தாளக் கருவி) வாசிப்பவரோ தபேலாக்காரரோ போதும். நாலாவது பாட்டில் இவர் வந்து உட்காரலாம்.

வளாகத்துக்கே வர மாட்டார் என்றால் மாற்று டிரம்மர் வேண்டும். விருச்சிகம் (நம் கார்த்திகை) பிறக்கும் முன், ஐப்பசி பாதிக்குள் முடிவைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஒத்துழைத்தால் மாற்றம் சுலபம். வழக்கமாக வாசிக்கும் 35 பாட்டுக்கும் வேகம், எத்தனை எண்ணிக்கையில் தொடக்கம், இடையிசையில் நிறுத்தம் எங்கே, முடிவு எப்படி என்று ஒரு வரி வீதம் எழுதித் தரட்டும். ரிதம் பேடில் சேமித்த ஒலித் தொகுப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு இரண்டு முழுப் பிராக்டிஸ் கொடுங்கள். ஒன்றோடு மேடை ஏற்றினால் நிறுத்தங்களில் தடுக்கும். கோயில் கச்சேரிக்கான ஊதியம் வாசித்தவருக்கு, பொதுநிதியில் பழையவரின் பங்கு பழையவருக்கு. கல்யாண வரவேற்பு, கிளப் நிகழ்ச்சி, பள்ளி ஆண்டு விழா எல்லாம் அவருக்கே. இதெல்லாம் கட்டுப்படியாகவில்லை, 60 மேடையில் 50 கோயில் மேடை என்றால், மரியாதையோடு பிரிந்துகொள்ளுங்கள். அதில் யாருக்கும் குற்றமில்லை.

கேள்வி: நகரி பக்கம் நையாண்டி மேளமும் பேண்டும் சேர்ந்த குழு. ஒருவர் மட்டும் இன்னொருவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சாதிதான் காரணம். அது அவர் சொந்தக் கருத்து என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. மேலே சொன்ன எல்லாம் வெளியே இருக்கும் விஷயங்களைப் பற்றிய கருத்துகள். இது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவரை மட்டம் என்று சொல்வது. அவமானப்படுகிறவரே எழுந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழுத் தலைவர்தான் பேச வேண்டும், அதுவும் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை.

சாப்பாடு ஒரே பாத்திரத்திலிருந்து, ஒரே பந்தியில். வேனில் இடம் வந்த வரிசைப்படி. பிராக்டிஸ் மாதம் ஒருவர் வீடு என்று சுற்றி வரட்டும், அந்த வீட்டுக் காப்பியை எல்லாரும் குடிக்க வேண்டும். மறுக்கிறவருக்கு அடுத்த கச்சேரி கிடையாது, அவர் எவ்வளவு நன்றாகத் தவில் வாசித்தாலும் சரி. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பலர் பார்க்கும்படியான இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். முதல் சுற்றை அந்த நண்பர் வீட்டிலேயே தொடங்குங்கள்.